பேரிடர் நாளின் வேகமும் சாதாரண நாளின் தாமதமும்

2020 மார்ச் 28 அன்று கேரளத்தின் முதல் கோவிட் மரணம் பதிவானது. இறந்தவர் கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்தவர். அந்த மாதம்தான் வளைகுடாவிலிருந்து திரும்பியிருந்தார். களமசேரியிலுள்ள எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. மரணச் செய்தி ஊருக்குத் தெரியவந்தபோதே, அவருடன் தொடர்பிலிருந்தவர்களைச் சுகாதாரத் துறை அடையாளங்கண்டு கண்காணிப்பில் வைத்திருந்தது. அடுத்த சில நாள்களில் அதே களமசேரி வளாகத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு எழுந்தது. கூண்டுக்குள் நிற்கும் பணியாளர், அதனோடு பொருத்தப்பட்ட கையுறைகளின் வழியே வெளியே நிற்பவரிடம் பரிசோதனை மாதிரியை எடுப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்பு உடை என்ற செலவு அதனால் குறைந்தது. தென் கொரியாவில் கையாளப்பட்ட முறையை உள்ளூர்த் தேவைக்கேற்ப மாற்றி அமைத்த ஏற்பாடு அது. ஒரு கோப்பு நகர மாதங்கள் பிடிக்கும் என்று பெயரெடுத்த அரசு அமைப்பு அதை நாள்கணக்கில் செய்து முடித்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் இறுதியில், திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் சிறுநீரியல் துறைத் தலைவர் மருத்துவர் ஹாரிஸ் சிறக்கல் முகநூலில் ஒரு பதிவு எழுதினார். கருவிகள் இல்லாததால் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். பதிவு மாநிலம் முழுவதும் பரவியது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சில நாள்களுக்குள் கருவிகள் வந்தன. தள்ளிவைக்கப்பட்ட அறுவைகள் மீண்டும் தொடங்கின.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது. கருவிகளைச் சில நாள்களில் வரவழைக்கும் ஆற்றல் அமைப்புக்கு உண்டு என்பது கண்கூடு. அப்படியிருக்க, அந்த ஆற்றல் வெளிப்பட ஒரு பெருந்தொற்றோ பொதுவெளியில் ஒரு வெடிப்போ ஏன் தேவைப்படுகிறது?

மேலாண்மை ஆய்வுகளில் 'உத்திசார் சுறுசுறுப்பு' என்றொரு கருத்து உண்டு. சூழல் மாறும்போது ஒரு நிறுவனம் அதை உரிய காலத்தில் உணர்ந்து, தன் திசையையும் வளங்களையும் குழப்பமின்றி மாற்றிக்கொள்ளும் ஆற்றல் என்று அதைச் சுருக்கலாம். 'செயற்பாட்டுத் திறன்' இதனோடு இணைத்துப் பேசப்படுவது: காத்திருப்பு நேரம், மருந்து இருப்பு, பரிசோதனை முடிவு கைக்கு வரும் வேகம், படுக்கைகளின் பயன்பாடு போன்ற அளவுகோல்களால் அறியப்படும் அன்றாட வேலையின் தரம். முன்னது கூடினால் பின்னதும் கூடும் என்பது இத்துறை ஆய்வுகளின் வழக்கமான எதிர்பார்ப்பு. அரசு மருத்துவமனைகளைப் பொறுத்தவரை அந்தக் கணக்கில் ஒரு கண்ணி விடுபட்டுப் போகிறது. முடிவெடுக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதே அந்தக் கண்ணி. நெருக்கடி வந்தால் அந்த உரிமை கீழே இறங்குகிறது; நெருக்கடி தீர்ந்ததும் மேலே ஏறிவிடுகிறது. ஆகவே பேரிடரில் வெளிப்படும் சுறுசுறுப்பு அமைப்பின் இயல்பாக மாறாமல், இரவல் நகையாகவே நின்றுவிடுகிறது.

இக்கருத்தைப் பரவலாக்கிய நூல்களுள் ஒன்று ஈவ் டோஸ், மிக்கோ கோசோனென் இருவரும் எழுதி 2008இல் வெளிவந்தது. டோஸ் மேலாண்மைப் பேராசிரியர். கோசோனென் நோக்கியா நிறுவனத்தில் நெடுங்காலம் பொறுப்பு வகித்தவர். சுறுசுறுப்புக்கு மூன்று தூண்கள் வேண்டும் என்றனர் அவர்கள்: சூழலைக் கூர்ந்து உணர்தல், தலைமையின் ஒருமித்த உறுதி, தேவையான இடத்துக்கு வளங்களை நகர்த்தும் நெகிழ்வு. அந்நூல் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே நோக்கியாவின் கைப்பேசித் தொழில் சரிந்தது. அதன் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. ஒரு காலத்தில் சுறுசுறுப்பாக இருந்த நிறுவனம் என்றும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த எச்சரிக்கை கைப்பேசி நிறுவனத்துக்குப் பொருந்துவது போலவே, தன் பேரிடர் மேலாண்மைக்காக உலகம் பாராட்டிய சுகாதாரத் துறைக்கும் பொருந்தும்.

அந்த மூன்று தூண்களும் ஒருசேர நின்ற காட்சியை எர்ணாகுளம் மாவட்டம் 2019இல் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபா வைரஸ் 17 உயிர்களைப் பறித்திருந்தது. பேராம்பிரா தாலுக்கா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி அவர்களுள் ஒருவர். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோய் கண்டபோது சந்தேகித்து மாதிரிகளை மணிப்பால் ஆய்வகத்துக்கு அனுப்பிய தனியார் மருத்துவமனை மருத்துவர்களின் விழிப்புதான் அன்று நோயை அடையாளங்காட்டியது. அந்தப் பாடம் வீணாகவில்லை. 2019 ஜூன் 4 அன்று எர்ணாகுளத்தில் ஓர் இளைஞருக்கு நிபா உறுதியானபோது, முந்தைய ஆண்டு எழுதிய நடைமுறைக் கையேடு ஆயத்தமாக இருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட தொடர்பாளர்கள் அடையாளங்காணப்பட்டனர். களமசேரியில் தனிமைப் பிரிவு திறக்கப்பட்டது. சிகிச்சை ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. கண்காணிப்பை அரசுத் துறை நடத்தியது. யாரும் இறக்கவில்லை. அந்த இளைஞரும் நலம்பெற்று வீடு திரும்பினார்.

இதைத் தலைமையின் திறமை என்று மட்டும் வாசிப்பது பாதி உண்மை. ஒரு வாரத்தில் முந்நூறு பேரைக் கண்டறிய, அந்த வீடுகளை ஏற்கெனவே அறிந்தவர்கள் வேண்டும். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியே ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளாட்சிகளின் பொறுப்பில் வேரூன்றின. 1998இல் பிறந்த குடும்பஸ்ரீ, பெண்களை அயற்குழுக்களாக இணைத்தது. பின்னர் ஆஷா பணியாளர்கள் வந்தனர். அயல்வீட்டுக் கருத்தடைச் சிகிச்சை முதல் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரின் புண் வரை அறிந்த ஒரு வலை இருபது ஆண்டுகளில் மெதுவாகப் பின்னப்பட்டது. நெருக்கடியில் காணும் விரைவு அந்த மெதுவான உழைப்பின் அறுவடை. விதைத்தவர்களை விட்டுவிட்டு அறுத்தவர்களை மட்டும் போற்றுவது உழவு தெரியாதவர் செய்யும் காரியம்.

இனி மட்டாஞ்சேரியின் சாதாரண நாளுக்கு வரலாம். கொச்சியின் மேற்குக் கரையிலுள்ள இப்பகுதி நெருக்கமான குடியிருப்புகளால் ஆனது. மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி உருது, தமிழ் என்று பல மொழிகள் இந்த மண்ணில் புழங்குகின்றன. ஃபோர்ட் கொச்சியின் சலவைத்துறையில் இன்றும் உழைப்போர் தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அண்மைக்கால வரவு. மட்டாஞ்சேரியில் பெண்கள், குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை உண்டு. கருவேலிப்படியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தாலுக்கா மருத்துவமனைகள் உண்டு. அவற்றால் இயலாதபோது நோயாளி பாலங்களைக் கடந்து எர்ணாகுளம் பொது மருத்துவமனைக்கோ, இன்னும் தொலைவில் களமசேரிக்கோ செல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு பகுதியில் 'செயற்பாட்டுத் திறன்' என்ற சொல்லுக்கு மிக எளிய பொருள்தான் உண்டு. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் இரத்த அழுத்த மாத்திரைக்காக மாதம் ஒருமுறை வருகிறார் என்று கொள்வோம். மாத்திரை இருந்தால் அரை நாள் கூலி போகும். 'வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சீட்டு கிடைத்தால் அரை நாள் கூலியோடு மாத்திரைக் காசும் போகும். பரிசோதனைக் கருவி பழுது என்றால் இன்னொரு நாள் கூலியும் போகும். மூன்றாம் முறை அவர் வரமாட்டார். மாத்திரை நிற்கும், ஓரிரு ஆண்டுகளில் பக்கவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ அவர் பெரிய மருத்துவமனைக்குத் திரும்பி வருவார். அதற்குள் குடும்பம் கடனில் மூழ்கியிருக்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மிகுந்த கேரளத்தில் இது அரிய கதையாக இருக்க இயலாது. மக்கள் தம் சொந்தப் பையிலிருந்து மருத்துவத்துக்குச் செலவிடும் தொகையில் இந்தியாவின் முன்வரிசை மாநிலமாக இருப்பதும் இதே கேரளம்தான்.

எர்ணாகுளம் பொது மருத்துவமனை 2023 நவம்பரில் சிறுநீரக மாற்று அறுவை செய்தது. நாட்டில் மாவட்ட நிலை மருத்துவமனை ஒன்று இதைச் செய்தது அதுவே முதல் முறை; உண்மையான பெருமை அது. கேரளத்தின் சிசு மரண விகிதம் 2023ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஆயிரம் பிறப்புகளுக்கு 5. இந்தியச் சராசரி 25. இந்த வெற்றிகளை மறுப்பவர் குருடர். ஆனால் சிகரத்தின் உயரத்தை அளந்து அடிவாரத்தின் நலத்தை அறிய முடியாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் மருத்துவமனையின் திறமை ஒரு செய்தியாகிறது. அந்தச் சிறுநீரகம் பழுதாகாமல் காத்திருக்கக்கூடிய மாத்திரை பத்து கிலோமீட்டர் அப்பால் இருப்பில் இருந்ததா என்பது செய்தியாவதில்லை. செய்தியாகாதது அளக்கப்படுவதில்லை, அளக்கப்படாததற்குப் பொறுப்பேற்பவரும் இல்லை.

சாதாரண நாளில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் கைகள் எவற்றால் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பணியிடங்களை அவர் உருவாக்க முடியாது. காலியிடத்தை நிரப்ப முடியாது. குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட பழுதுபார்ப்புக்கு மேலிட ஒப்புதல் வேண்டும். மருந்துத் தேவையைப் பல மாதங்களுக்கு முன்பே மதிப்பிட்டுக் கொடுக்க வேண்டும்; மதிப்பீடு தவறினால் பற்றாக்குறை அவர் தலையில் விழும். பழி முழுவதும் கீழே, அதிகாரம் முழுவதும் மேலே என்ற ஏற்பாட்டில் எந்த மனிதரும் சுறுசுறுப்பாக இருக்க முடியாது. அங்கே அறிவுள்ளவர் கற்கும் முதல் பாடம் முடிவெடுக்காமல் இருப்பது. இரண்டாவது பாடம் கடிதம் எழுதி நகலை வைத்துக்கொள்வது.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் கட்டுகள் தளர்ந்தன. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நிர்வாகம் விரைந்து முடிவெடுத்தது. 2020 ஜூலையில் செல்லானத்திலும் பின்னர் மேற்குக் கொச்சியிலும் தொற்று குவிந்தபோது, முதல்நிலைச் சிகிச்சை மையங்களை அமைக்கும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் தரப்பட்டது. மண்டபங்களும் விடுதிகளும் படுக்கைகளாயின. மருத்துவர்களும் செவிலியர்களும் ஆய்வக நுட்பர்களும் தற்காலிகமாக எடுக்கப்பட்டனர். அலை தணிந்தது. மையங்கள் மூடப்பட்டன, தற்காலிகப் பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர், ஒப்புதல் விதிகள் பழைய இடத்துக்குத் திரும்பின. மையங்களை மூடியதில் தவறில்லை. உள்ளூர் அளவில் முடிவெடுத்துப் பழகிய அந்த அனுபவத்தையும் சேர்த்து மூடியதுதான் இழப்பு.

நெருக்கடிக் கால விரைவுக்கு வேறொரு விலையும் உண்டு. பெருந்தொற்றின் தொடக்கத்தில் கேரளம் பாதுகாப்பு உடைகளை வாங்கிய முறையை ஆராய்ந்த இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கூடுதல் விலையால் 10.23 கோடி ரூபாய் அதிகமாகச் செலவானது என்றது அவ்வறிக்கை. உலகச் சந்தையே தடுமாறிய நாள்களில் உயிர் காப்பதே முதன்மையாக இருந்தது என்று ஆளுந்தரப்பு விடையளித்தது. யார் சொல்வது சரி என்ற அரசியல் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். இதிலிருந்து ஒரு நிர்வாக உண்மையைப் பெறலாம். விதிகளைத் தளர்த்திப் பெறும் வேகம் என்றும் சந்தேகத்துக்கு இடமளிக்கும். சந்தேகம் எழுந்தால் அடுத்த முறை அதிகாரிகள் இன்னும் கெட்டியாகக் கோப்புக்குள் ஒளிந்துகொள்வார்கள். ஆகவே விதியைத் தளர்த்துவதில் தீர்வில்லை. வேகத்தையே விதியாக எழுதிவைப்பதில்தான் இருக்கிறது.

அப்படி எழுதிவைத்ததற்கு எல்லைக்கு இப்பால் ஒரு நல்ல சான்று உண்டு. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் தேவையான மருந்துகளை ஒரே பட்டியலின்படி வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கியது. தரத்தை ஆய்வகங்களில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தது. அதன் நுட்பம் வாங்குவதோடு நிற்கவில்லை, பகிர்வதிலும் இருந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் தரப்பட்டது. ஆண்டுக்கு எவ்வளவு பண மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்பது அதில் குறிக்கப்பட்டது. அந்த வரம்புக்குள் எந்த மருந்தை எப்போது எவ்வளவு எடுப்பது என்பதை மருத்துவமனையே முடிவு செய்யும். காய்ச்சல் பரவும் மாதத்தில் ஒன்றைக் கூட்டலாம், மற்றொன்றைக் குறைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சென்னையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விலையும் தரமும் மேலே தீர்மானமாயின; தேவை கீழே தீர்மானமாயிற்று. கேரளத்தின் மருத்துவப் பணிகள் கழகம் 2007இல் இதே முன்மாதிரியில் பிறந்ததுதான்.

இந்தக் கணக்குப் புத்தகம் ஆய்வுக் கட்டுரைகள் பேசும் 'வள நெகிழ்வு' என்பதன் மிக எளிய வடிவம். அதில் பேரிடர் அறிவிப்பு இல்லை, சிறப்பு அதிகாரி இல்லை, அமைச்சரின் நேரடித் தலையீடு இல்லை. வேலை தெரிந்தவரிடம் வரம்புள்ள உரிமை இருக்கிறது; அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்கு எழுத்துப்பூர்வமான தடயம் இருக்கிறது. நம்பிக்கையும் கணக்கும் ஒரே தாளில் எழுதப்பட்டிருக்கின்றன.

நேர மாற்றமும் இதே வகைதான். 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக உயர்த்தி, புறநோயாளிப் பிரிவை மாலை 6 மணி வரை நீட்டித்தது. கூலித் தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய சீர்திருத்தம் அரிது. வேலை முடிந்து வந்தும் மருத்துவரைக் காணலாம். ஆனால் 2018 ஏப்ரலில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். போதிய பணியிடங்கள் இல்லாமல் நேரத்தை நீட்டுவதை அவர்கள் எதிர்த்தனர். வேலைநிறுத்தம் நோயாளிகளுக்குத் துன்பம் தந்தது என்பது உண்மை. ஆள் இல்லாமல் கடிகாரத்தை மட்டும் நீட்ட முடியாது என்ற அவர்களின் வாதத்திலும் உண்மை இருந்தது. நல்ல உத்தியை அன்றாடச் செயலாக்குவது பணியாளர் எண்ணிக்கை என்ற சலிப்பூட்டும் கணக்கு.

இவ்விடத்தில் 'நெகிழ்வு' என்ற அழகிய சொல்லையும் கொஞ்சம் சோதிக்க வேண்டியிருக்கிறது. மட்டாஞ்சேரிக்கு அச்சொல்லின் மறுபக்கம் நன்கு தெரியும். கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' முறை இருந்தது. கப்பல் வந்த நாளில் கூடிநிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் மீது ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளை வீசுவார். முண்டியடித்து ஒன்றைப் பற்றியவருக்கு அன்று வேலை; மற்றவர்களுக்குப் பட்டினி. முதலாளியின் பார்வையில் அதைவிட நெகிழ்வான ஏற்பாடு கிடையாது. தேவையுள்ள நாளில் தேவையான ஆள். தேவையற்ற நாளில் எந்தப் பொறுப்பும் இல்லை. அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கேரளத் தொழிற்சங்க வரலாற்றில் அழியாத நாள் அது.

வில்லை எறிவது ஒழிந்தது. ஆனால் பொது மருத்துவத்தின் சுறுசுறுப்பு பெரும்பாலும் யாருடைய நிச்சயமின்மையின் மீது நிற்கிறது என்ற கேள்வி ஒழியவில்லை. பெருந்தொற்றின்போது வீடுவீடாகச் சென்றவர்கள் ஆஷா பணியாளர்கள். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து கொச்சி நகரம் பன்னிரண்டு நாள் புகையில் மூழ்கியபோது, மூச்சுத் திணறல் உள்ளவர்களைக் கணக்கெடுக்க அனுப்பப்பட்டவர்களும் அவர்களே. அமைப்பின் 'கூர்ந்து உணரும்' புலன் என்று டோஸும் கோசோனெனும் சொன்னது கேரளத்தில் அந்தப் பெண்களின் கால்களில் இருக்கிறது. அவர்கள் ஊழியர் அல்லர், 'தன்னார்வலர்' என்பது அரசின் வரையறை. 2025 பிப்ரவரி 10 அன்று அவர்களில் ஒரு பகுதியினர் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தபோது, மாநில அரசு தந்த மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். 21,000 ரூபாயும் ஓய்வுக்காலப் பயனும் கேட்டு எட்டு மாதங்களுக்கு மேல் மழையிலும் வெயிலிலும் அமர்ந்திருந்தார்கள். மைய அரசு தன் பங்கை உயர்த்தவில்லை என்றது மாநிலம். மாநிலத்தின் கடமை அது என்றது மையம். இறுதியில் மதிப்பூதியம் 1,000 ரூபாய் உயர்ந்தது. சுறுசுறுப்புக்கு உலகப் புகழ்பெற்ற ஒரு துறை, தன் கண்ணும் காதுமாக இருப்பவர்களுக்கு விடை சொல்ல எடுத்துக்கொண்ட காலம் அது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பணம் இல்லாத இடத்தில் உரிமையைப் பகிர்ந்து என்ன பயன்? 2025இல் இதய சிகிச்சைக் கருவிகளை வழங்கும் விநியோகஸ்தர்கள் நிலுவைத் தொகை வராததால் கேரளத்தின் அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கலை நிறுத்தினார்கள். கண்காணிப்பாளருக்கு முழு அதிகாரம் இருந்திருந்தாலும் காலிப் பெட்டியைக் கொண்டு அவர் எதையும் வாங்கியிருக்க முடியாது. மறுப்பு நியாயமானது. உத்திசார் சுறுசுறுப்பு நிதிக்கு மாற்று என்று எந்த ஆய்வாவது சொன்னால் அது ஆய்வே அல்ல, சிக்கனத்துக்கான விளம்பரம். எனினும் பணம் குறைவான காலத்தில்தான் தாமதத்தின் விலை கூடுகிறது. சிறு பழுது ஒன்றைச் சரிசெய்ய ஒப்புதல் கிடைக்காமல் ஒரு கருவி மூன்று மாதம் கிடந்தால், அதற்குப் போட்ட முதலும் அதை இயக்குபவரின் சம்பளமும் நோயாளி வெளியே கொடுத்த கட்டணமும் சேர்ந்து வீணாகின்றன. ஏழை அமைப்பால் அந்த வீணைத் தாங்க முடியாது.

இன்னொரு மறுப்பு ஊழலைப் பற்றியது. அதிகாரத்தைக் கீழே இறக்கினால் கையூட்டும் கீழே இறங்கும் என்பார்கள். மேலே குவிந்த அதிகாரம் தூய்மையாகவே இருந்தது என்று வரலாறு சொல்லவில்லை. மேலும் இங்கே முன்வைக்கப்படுவது வரம்பற்ற உரிமை அன்று. விலையும் தரமும் மைய ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அளவும் நேரமும் அவசரமும் மருத்துவமனையிடம் இருக்கட்டும். செலவுக் கணக்கு மருத்துவமனை வாயிலிலேயே மக்கள் படிக்கும்படி ஒட்டப்படட்டும். கேரளத்தில் மருத்துவமனை மேலாண்மைக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. உள்ளாட்சிப் பிரதிநிதிகள் அவற்றில் அமர்கிறார்கள். தணிக்கை அதிகாரியை விடவும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும் கூட்டம் கேரளத்தின் தெருக்களில் உண்டு.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. முதலாவதாக, தாலுக்கா நிலைக் கண்காணிப்பாளருக்குப் பழுதுபார்ப்பு, அவசரக் கொள்முதல், குறுகியகாலப் பதிலிப் பணியாளர் ஆகிய மூன்றிலும் முன்னொப்புதல் தேவையற்ற, வரம்பிடப்பட்ட நிதி உரிமை வேண்டும். இரண்டாவதாக, மகப்பேறு விடுப்பும் நோய் விடுப்பும் ஆண்டுதோறும் வருபவை. அவற்றை எதிர்பாராத விபத்துபோல நடத்தாமல், மாவட்டத்துக்கொரு நிரந்தரப் பதிலி அணியை வைக்க வேண்டும். பெருந்தொற்று வந்தால் முதலில் களமிறங்கும் படையும் அதுவே ஆகும். மூன்றாவதாக, ஆஷா பணியாளர்களை அமைப்பின் உறுப்பாக ஏற்கும் ஊதியமும் பாதுகாப்பும் வேண்டும். புலனை அறுத்துவிட்டுக் கூர்மையைப் பற்றிப் பேச முடியாது.

நான்காவதாக, அளவுகோல் மாற வேண்டும். சுறுசுறுப்பைப் பேரிடர் நாளில் அளப்பது எளிது. அன்று எல்லோரும் ஓடுகிறார்கள். யாரும் கவனிக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில் ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எத்தனை இன்று இருப்பில் உள்ளன? எத்தனை பேருக்கு வெளிச்சீட்டு எழுதப்பட்டது? பழுதான கருவி எத்தனை நாளாகக் கிடக்கிறது? விடுப்பில் சென்றவரின் இடம் எத்தனை நாளில் நிரம்பியது? பாலம் கடந்து அனுப்பப்பட்ட நோயாளிகளுள் எத்தனை பேரை இங்கேயே பார்த்திருக்க முடியும்? இந்த ஐந்துக்கும் விடையை மாதந்தோறும் வெளியிடும் துறை, பாராட்டுக்காக வெளிநாட்டு நாளிதழ்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஆய்வாளர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. இந்தத் துறையில் வெளிவரும் கட்டுரைகளுள் பல, மேலாளர்களிடம் வினாப்படிவம் கொடுத்து, 'உங்கள் நிறுவனம் மாற்றத்துக்கு விரைந்து எதிர்வினையாற்றுகிறதா' என்று கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் பெற்று, புள்ளியியல் தொடர்பை நிறுவி முடிந்துவிடுகின்றன. தன் நிறுவனம் சுறுசுறுப்பானது என்று சொல்ல எந்த மேலாளர் தயங்குவார்? வரிசையில் நிற்பவரிடம் எத்தனை முறை திரும்பிப் போனீர்கள் என்று கேட்கும் ஆய்வுகள் அரிதாகவே வருகின்றன. முன்னது நிறுவனத்தின் தன்னுணர்வை அளக்கிறது. பின்னது அதன் செயலை அளக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் ஆய்வுக்குரிய பொருள்.

2018இல் பேராம்பிராவில் ஒரு செவிலியரை இழந்து கற்ற பாடத்தை 2019இல் எர்ணாகுளம் பயன்படுத்தியது. கற்கும் ஆற்றல் இந்த அமைப்புக்கு உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பெருந்தொற்றிலிருந்து கற்க வேண்டிய பாடமும் எளியதே: கொடுத்தால் கீழே உள்ளவர்கள் பொறுப்பாகச் செயல்படுகிறார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் மிச்சம். அடுத்த வைரஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரத்த அழுத்த மாத்திரைக்காக நாளை காலை மட்டாஞ்சேரியில் ஒருவர் வருவார் என்பதை மட்டும் எல்லோராலும் சொல்ல முடியும். அவருக்கு அந்த மாத்திரை கிடைக்கிறதா என்பதே அமைப்பின் உண்மையான தேர்வு.